கடன் தருகிறோம் என்று வருகிறவர்களைப் பற்றி: என் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், கரண்ட் பில், ஒன்லைன் விண்ணப்பம், இவைதான் வேலை. நான் வங்கிக்காரனும் இல்லை, வட்டிக்காரனும் இல்லை. ஆனால் கடன் என்ற பெயரில் ஏமாறுகிறவர்கள், பணம் அனுப்பக் கடைசியாக வந்து நிற்கிற இடம் என்னுடைய கவுண்டர்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன். ஒரு பதிலை நானே அடிபட்டுப் படித்தேன், அது கீழே வரும்.

பேஸ்புக்கில் "5 இலட்சம், பிணையாளர் வேண்டாம், 10 நிமிடத்தில் கையில்" என்று வருகிறதே, உண்மையா?

பொய். நகரத்தில் எந்த வங்கிக்காவது போய் ஒரு இலட்சம் கேட்டுப் பாருங்கள். சம்பள ஸ்லிப் கேட்பார்கள், பிணைக்கு ஆள் கேட்பார்கள், வேறு எங்கே கடன் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நமக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் கொடுத்த காசு திரும்பி வருமா என்று பார்ப்பது கடன் கொடுப்பவனின் பிழைப்பு. அதைப் பற்றிக் கவலையே படாத ஒருவன் இருக்கிறான் என்றால், அவன் காசு கொடுக்கப் போவதில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த விளம்பரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வங்கியின் சின்னம் இருக்கும், பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். தமிழ், மெஷினில் அரைத்த மாதிரி இருக்கும். கீழே "நன்றி சேர், எனக்குக் கிடைத்துவிட்டது" என்று வரிசையாகப் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரின் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள், ஒரு கல்யாணப் படம், ஒரு கோயில் திருவிழாப் படம் கூட இருக்காது. "நுவரெலியா கிளை" என்று போட்டிருப்பார்கள், கொடுத்திருப்பது ஒரு மொபைல் நம்பர் மட்டும். லேண்ட்லைன் நம்பர் என்றால் நுவரெலியாவுக்கு 052, ஹட்டனுக்கு 051, பதுளைக்கு 055, பண்டாரவளைக்கு 057. கிளை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கதவு இருக்கும், நாம் போய்த் தட்டலாம். "நேரில் வருகிறேன், எந்தத் தெரு?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

கடன் கிடைக்க முதலில் ஒரு கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்த நேரம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஒரு அக்கா வந்தார். கொழுந்துக் கறை விரலில் அப்படியே இருந்தது. பிள்ளையின் கொப்பியில் கிழித்த தாளில் ஒரு போன் நம்பர்.

"தம்பி, இந்த நம்பருக்கு பதினஞ்சாயிரம் போடுங்க."

"யாருக்கு அக்கா?"

"லோன் சேருக்கு."

விசாரித்தேன். 3 இலட்சம் கடன் பாஸ் ஆகிவிட்டதாம். பத்திரச் செலவுக்கு 3,500 அனுப்பியாயிற்று. அப்புறம் காப்புறுதிக்கு 8,500, அதுவும் அனுப்பியாயிற்று. இப்போது அக்கா கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிழையாம், அதனால் பணம் "லொக்" ஆகி நிற்கிறதாம், திறக்க 15,000 வேண்டுமாம். கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் அனுப்பிய எண் சரியாகத்தான் இருந்தது. அவர்கள் அனுப்பிய "கடன் பத்திரத்தில்" வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருந்தார்கள்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னேன். மறுபக்கத்தில் நல்ல தமிழ், வாய்க்கு வாய் "அம்மா". நான் தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒரே ஒரு விஷயம் கேட்டேன்: "சேர், அந்த 15,000 ஐ மூணு இலட்சத்திலேயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்புங்க." சிஸ்டத்தில் அப்படி முடியாது என்றார். பரவாயில்லை, 50,000 கழியுங்கள் என்றேன். போன் கட்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் விரல் விட்டு எண்ணினார். "ஒம்பது பேரு போச்சு தம்பி" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். 12,000 ரூபாவை அவர் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்.

கழித்துக்கொண்டு கொடுங்கள் என்ற அந்த ஒரு வரியை மனதில் வைத்திருங்கள். உண்மையான வங்கியிலும் பத்திரச் செலவு, மதிப்பீட்டுச் செலவு எல்லாம் உண்டு. ஆனால் அது கடனிலிருந்து கழிக்கப்படும், அல்லது கிளைக் கவுண்டரில் வங்கியின் பெயருக்குக் கட்டி ரசீது வாங்குவீர்கள். யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கோ போன் நம்பருக்கோ போகாது. ஈஸி கேஷ், எம்கேஷ் மாதிரிப் போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நானே தினமும் பாவிக்கிறேன். வாங்குபவன் யார் என்பதுதான் கேள்வி.

மத்திய வங்கி அனுமதிக் கடிதம் என்று முத்திரையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்களே?

இலங்கை மத்திய வங்கி உங்களுக்கோ எனக்கோ கடன் கொடுப்பதில்லை. ஒவ்வொருவரின் கடனுக்கும் கடிதம் எழுதி அனுமதிப்பதும் இல்லை. சிங்க முத்திரையும் ஆங்கிலத்தில் நாலு வரியும் இருந்தால் நாம் பயந்து நம்புவோம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மாதிரிக் கடிதம் ஒன்றை என் கடைக் கணினியில் பத்து நிமிடத்தில் செய்யலாம்.

உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள், நுண்நிதிக் கம்பனிகள் ஆகியவற்றின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பார்க்கத் தெரியாவிட்டால் 1935 க்கு அழையுங்கள். அது மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர்களுக்கான இலக்கம். கம்பனியின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே ஒரு நெளிவு இருக்கிறது. "எங்களிடம் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது" என்று சிலர் காட்டுவது கம்பனிப் பதிவு. சில்லறைக் கடைக்குக்கூட வியாபாரப் பதிவு உண்டு, அது நிதி உரிமம் ஆகாது. அதேபோல 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம், பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் கம்பனிகளைத்தான் உரிமத்துக்குள் இழுக்கிறது. சொந்தக் காசை வட்டிக்கு விடுகிறவன் அந்தப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்டவன் எல்லோரும் திருடன் என்று நான் சொல்லவில்லை. பிரச்சினை வந்தால் மத்திய வங்கியில் போய் முறையிட வழி இருக்காது, அதைத் தெரிந்துகொண்டு காலை வையுங்கள்.

போனில் ஆப் போட்டால் உடனே காசு வருகிறது. அது உண்மையாகவே வருகிறதே?

வருகிறது. எனக்கும் வந்தது. 2022 இல் நாடே கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது, கடைக்கு ஆளும் இல்லை, கரண்ட்டும் இல்லை. வாடகை கட்ட ஒரு ஆப்பில் 10,000 கேட்டேன். கைக்கு வந்தது 7,000. சேவைக் கட்டணம் என்று 3,000 ஐ முதலிலேயே பிடித்துவிட்டார்கள். 14 நாளில் 10,000 கட்டவேண்டும்.

கணக்குப் போடுங்கள். 7,000 க்கு இரண்டு கிழமையில் 3,000. அது 42 வீதத்துக்கு மேல். ஒரு வருடத்தில் இரண்டு கிழமை 26 முறை வரும், ஆக வருடத்துக்கு 1,100 வீதத்தைத் தாண்டுகிறது. நம் ஊர் மீட்டர் வட்டிக்காரன் வெட்கப்பட்டுத் தலை குனிவான்.

ஆனால் வட்டியை விட மோசமானது வேறொன்று. ஆப் போடும்போது "தொடர்புகளைப் பார்க்க அனுமதி", "படங்களைப் பார்க்க அனுமதி" என்று கேட்கும், நாமும் சரி சரி என்று தட்டிக்கொண்டே போவோம். அந்த நொடியில் போனில் இருக்கும் எல்லா நம்பரும் அவர்களிடம் போய்விடும். நான் இரண்டு நாள் பிந்தினேன். மூன்றாம் நாள் என் மனைவியின் பெரியப்பாவுக்கு, பூண்டுலோயாவில், அழைப்புப் போயிருக்கிறது: "உங்கள் மருமகன் கள்ளன்." பழைய ஸ்கூல் அதிபருக்கும் போனது. வேறு சிலருக்குப் படத்தை வெட்டி ஒட்டி அசிங்கமாக அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் அந்தப் பயத்திலேயே இன்னொரு ஆப்பில் வாங்கி இதைக் கட்டுவார்கள். அப்படியே நாலு, ஐந்து என்று போகும்.

மாட்டிக்கொண்டால் முதலில் செய்யவேண்டியது, வெட்கத்தை விட்டுவிட்டு உங்கள் ஆட்களுக்கு நீங்களே முந்திச் சொல்வது. "ஒரு கடன் ஆப்பில் மாட்டிக்கிட்டேன், என் பேரில் ஏதாவது வந்தா நம்பாதீங்க, எனக்கு அனுப்புங்க" என்று ஒரு குரல் பதிவு போதும். நீங்கள் சொன்ன பிறகு அவர்களிடம் மிரட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆப்பை அழிப்பதற்கு முன்பு கடன் விவரம், கட்டிய பற்றுச்சீட்டு, மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அப்புறம் அனுமதிகளை நிறுத்திவிட்டு அழியுங்கள். ஆப்பை அழித்தாலும் ஏற்கெனவே போன நம்பர்கள் திரும்பி வராது, அதனால்தான் ஆட்களுக்குச் சொல்வது முதல் வேலை. இன்னொரு ஆப்பில் வாங்கி இதைக் கட்டாதீர்கள்.

அடையாள அட்டையின் படத்தை அனுப்பிவிட்டேன். இனி என்ன?

பதறவேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். அடையாள அட்டை எண் வெறும் எண் இல்லை. நம் பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பதும் அதற்குள் இருக்கிறது. பெண்கள் என்றால் அந்த நாளோடு 500 ஐக் கூட்டியிருப்பார்கள். படத்தையும் எண்ணையும் அட்டையைக் கையில் பிடித்த செல்பியையும் வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் வேறு இடத்தில் கடன் கேட்கப் பார்க்கலாம்.

உங்கள் வங்கிக் கிளைக்குச் சொல்லுங்கள். பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நாளை யாராவது உங்கள் பெயரில் கடன் என்று வந்தால் அந்தத் திகதிதான் பேசும். கொஞ்ச நாள் கழித்து கடன் தகவல் பணியகத்தில், நாம் "கிரிப்" என்கிறோமே அதில், உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தெரியாத கடன் இருந்தால் அதில் தெரியும்.

இனிமேல் யாருக்காவது கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே "இந்த வங்கியில் கணக்குத் திறக்க மட்டும்" என்று பேனாவால் எழுதித் திகதி போடுங்கள். என் கடையில் கொப்பி எடுப்பவர்களுக்கு நானே சொல்வேன், சிலர் சிரிப்பார்கள்.

வங்கியிலிருந்து பேசுகிறோம், போனுக்கு வரும் ஆறு இலக்க இரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்கிறார்களே?

சொல்லாதீர்கள். வங்கிக்காரருக்கு அது தேவையில்லை. போனை வையுங்கள்.

என் மகனிடம் அவனுடைய வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்ட்டையும் ஒரு மாதத்துக்குக் கொடுத்தால் 5,000 தருவதாகச் சொல்கிறார்கள். கடன் ஒன்றுமில்லையே, கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அப்பாவுக்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. மேலே சொன்ன அக்காவின் 12,000 எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? இப்படி வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு கணக்குக்கோ போன் நம்பருக்கோதான். திருடன் தன் சொந்தப் பெயரில் காசு வாங்கமாட்டான். பொலிஸ் தேடும்போது முதலில் கிடைப்பது கணக்குச் சொந்தக்காரனின் பெயர், அதாவது உங்கள் மகனின் பெயர். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க 5,000 போதாது. சிம்மையும் அப்படிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கே வந்து பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுக்கும் கம்பனிகளும் மோசடிதானா?

அதையும் இதையும் ஒரே கூடையில் போடமுடியாது. அங்கே உண்மையாகக் காசு தருகிறார்கள். அதில் பல கம்பனிகள் உரிமம் உள்ளவை, நுண்நிதிக்கென்று 2016 இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் நம் பெண்கள் அதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. சரியாகக் கணக்குத் தெரியாமல் கையொப்பம் போடுவதுதான் முக்கால்வாசிக் காரணம்.

ஓர் உதாரணம். ஒரு இலட்சத்துக்கு "24 வீதம்தான்" என்பார்கள். வருடத்துக்கு 24,000 வட்டி, மொத்தம் 1,24,000, மாதம் 10,333. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஆறாவது மாதம் முடியும்போது ஏறக்குறைய 62,000 கட்டிவிட்டீர்கள், வாங்கிய காசில் கையில் மிச்சம் இருப்பது அரை இலட்சம்கூட இல்லை, வட்டியோ முழு ஒரு இலட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறையும் மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் அது 40 வீதத்தைத் தாண்டும். ஆகவே "மீதிக்கு வட்டியா, மொத்தத்துக்கு வட்டியா?" என்று கேளுங்கள். பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டினால் கையொப்பத்தை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, படித்த பிள்ளை ஒன்றிடம் காட்டுங்கள். வெற்றுத் தாளில், நிரப்பாத காசோலையில் கையொப்பம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாராவாரம் கட்டும்போது அட்டையில் தொகையும் கையெழுத்தும் விழுந்ததா என்று அங்கேயே பாருங்கள்.

குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்பதையும் யோசியுங்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவோடு ஆயுளுக்கும் பேச்சு அறுந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

கிரிப்பில் பெயர் அடிபட்டிருக்கிறது, 20,000 கொடுத்தால் அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

அழிக்க அவரால் முடியாது. தகவலைக் கொடுத்தது நீங்கள் கடன் வாங்கிய நிறுவனம், திருத்தவேண்டியதும் அதுதான். பிழை இருந்தால் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். உண்மையான நிலுவை என்றால் கட்டி முடித்துக் கடிதம் வாங்குங்கள். 20,000 ஐ அந்த நிலுவையிலேயே கட்டலாமே.

சேமலாப நிதியைக் காட்டி உடனே கடன் எடுத்துத் தருகிறோம் என்று டவுனில் சிலர் இருக்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதியில் வீட்டுத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க ஒரு முறை உண்டு, அதற்கு நிபந்தனைகளும் உண்டு. தொழில் திணைக்களக் காரியாலயத்தில் நேரே கேட்கலாம். நடுவில் ஒருவருக்கு இலட்சத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தேவையில்லை. சேமலாப நிதியின் பி கார்ட்டையும் அடையாள அட்டையையும் அந்த ஆளிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

காசு போய்விட்டது. எங்கே போய்ச் சொல்வது?

முதலில் எந்த வழியில் அனுப்பினீர்களோ அந்த வங்கிக்கோ போன் சேவைக்கோ உடனே அழையுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்றால் முடிந்தது, அந்தக் காசு ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு கணக்கு மாறியிருக்கும். அப்புறம் பொலிஸ். போகும்போது பணம் அனுப்பிய சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, நம்பர், விளம்பரத்தின் படம், எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். வாயால் சொன்னால் "போயிட்டு அப்புறம் வாங்க" என்று அனுப்பலாம், தாளை மேசையில் வைத்தால் எழுதியே ஆகவேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதித் தரலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையொப்பம் போடுங்கள்.

போலிப் பக்கம், ஆப், போன் வழி மிரட்டல் என்றால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம் இருக்கிறது. உரிமம் உள்ள நிறுவனமே அநியாயம் செய்தது என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லை என்றால் 1935.

திரும்பக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். என் கடைக்கு வந்தவர்களில் முழுக் காசும் திரும்பக் கிடைத்த ஒருவரை நான் பார்க்கவில்லை. அதனால்தான், "போன காசை மீட்டுத் தருகிறோம், பதிவுக்கு 2,000" என்று அடுத்த கிழமை ஒருவன் எடுப்பான் பாருங்கள், அவனுக்கும் பதில் சொல்லாதீர்கள். உங்கள் நம்பர் ஏமாந்தவர்கள் பட்டியலில் இருக்கிறது, அதையும் விற்றுவிட்டார்கள்.

சரி, அவசரத்துக்கு வேறு என்னதான் செய்வது? ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் வரும் பத்தாம் திகதி வரை காத்திருக்காதே.

நியாயமான கேள்வி, என்னிடம் மந்திரம் இல்லை. ஒரு மோதிரமோ தோடோ இருந்தால் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி போன்ற இடங்களில் அடகு வையுங்கள். வட்டி என்ன என்று கேட்டு, தெருமுனை அடகுக் கடையின் வட்டியோடு ஒப்பிடுங்கள். தோட்டக் காரியாலயத்தில் சம்பள முற்பணம் கேட்கலாம். கூட்டுறவுச் சங்கமோ, சணச என்கிற சிக்கனக் கடனுதவிச் சங்கமோ பக்கத்தில் இருந்தால் அவசரம் வருவதற்கு முன்பே அங்கத்தவராகிவிடுங்கள், வந்த பிறகு சேர நேரம் இருக்காது. லயத்துச் சீட்டு, பிடிப்பவர் நம்பகமானவர் என்றால், இன்றைக்கும் நல்ல வழிதான். என் அம்மா அதில்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

உங்கள் கடைக்கு வந்து காட்டினால் பார்த்துச் சொல்வீர்களா? அதற்கு எவ்வளவு?

பார்க்கக் காசு இல்லை. ஸ்கிரீன்ஷொட் அச்செடுக்க மட்டும் பக்கத்துக்கு 20 ரூபா. பணம் அனுப்புவதற்கு முன்னால் வாருங்கள். போயா தினங்களில் கடை பூட்டு.